மாப்பிள்ளை எழுதிய முப்பத்தெட்டுப் பேய்கள்

ஜூன் 3, திங்கள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பத்தேழு வயது. பி.பி. மாத்திரை, மூக்குக்கண்ணாடி, மேல்வரிசையில் இரண்டு பொய்ப்பல், எல்லாம் உண்டு. ஆனால் பேய்க்கதை படித்தால் குளியலறைக்குத் தனியாகப் போகமாட்டேன். பட்டப்பகல் பதினோரு மணிக்கும் குணவதி வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். "பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்பாள். "பக்கத்து வீட்டு மருமகளப் பத்திப் பேசேன்" என்பேன். அந்த விஷயத்தில் அவளுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. இருபது வருஷமாக வாரப் பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிற தெய்வசிகாமணியின் வீர வரலாறு இது.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. என் மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர் வைரக்கண்ணு, 'கோமளாதாசன்' என்ற பெயரில் முப்பத்தெட்டு பேய் நாவல்கள் எழுதியவர். பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்களே, அந்த மாத நாவல்கள். பத்து மேடைகளில் அவற்றைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். "மாப்பிள்ளை எழுத்தைப் படித்தால் மயிர்க்கூச்செறியும்" என்று என் வழுக்கையைத் தடவிக்காட்டுவேன், கூட்டம் சிரிக்கும். ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

இன்று ஆசிரியர் சபாபதி போன் செய்தார். "சார், அமானுஷ்யம், மாயாஜாலம்னு ஒரு சிறப்பிதழ். சமீபத்துல நீங்க படிச்ச பேய்க்கதை, மந்திரக்கதை பத்தி டைரி மாதிரி எழுதிக்குடுங்க. சிரிப்பா இருக்கணும்."

"நான் அதெல்லாம் படிக்கிறதே இல்லையே."

"அதான் சார் சிரிப்பு."

ஆகவே இந்த டைரி. வெட்ட வேண்டியதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 4, செவ்வாய்

மந்திரக்கதையிலிருந்து ஆரம்பித்தேன். பேய்க்கு அது தேவலாம். சேலத்துப் பையன் ஒருவன் எழுதிய மூன்று பாகம். முதல் பாகத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கலாம், உயரம் சரியாக இருக்கிறது. கதாநாயகனுக்கு வாள் கிடைக்கவே நானூறு பக்கம் ஆகிறது. கிடைத்ததும் அது பேசுகிறது. பேச ஆரம்பித்த வாள் நிறுத்தவில்லை. என் பெரிய மாமியார் நினைவு வந்தது.

ஆனாலும் ஓரிடம் நன்றாக இருந்தது. அந்த நாட்டில் பொய் சொன்னவனுக்கு நிழல் விழாது. அரசவை முழுக்க நிழலில்லாத மந்திரிகள், விளக்குக்கு நேராக நிற்காமல் ஓரமாகவே நடமாடுகிறார்கள். படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வடகத்தைத் திருப்பிப் போட்டேன். நிழல் இருந்தது. உச்சிவேளை, கொஞ்சம் குட்டையாகத்தான் இருந்தது.

ஜூன் 5, புதன்

சுகந்தி வந்தாள். என் தங்கை மகள். நான்கு வயதிலிருந்து இந்த வீட்டில்தான் வளர்ந்தாள். இப்போது கே.கே. நகரில் கணவன் செந்திலும் நான்கு வயது மகள் இனியாவுமாக இருக்கிறாள். அப்பாவின் புத்தகங்களை ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்தாள். முப்பத்தெட்டில் ஆறை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பக்கவாதம். வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், அவருக்குப் பழகிய வார்த்தைகளை வாசித்துக் காட்டச் சொன்னாளாம். அதனால் தினமும் மத்தியானம் சுகந்தி அவருடைய நாவல்களையே அவருக்கு வாசிக்கிறாள்.

"கேக்கறாரா?" என்றேன்.

"கண்ணுல தண்ணியா கொட்டுது மாமா. நர்ஸெல்லாம் அழறாங்க. பொண்டாட்டி பேர வச்சுக்கிட்டு எழுதின மனுசன்னு."

அது உண்மை. மனைவி பெயரைப் புனைபெயரில் சேர்த்துக்கொள்ளும் எழுத்தாளர்கள் நம்மூரில் உண்டு. ஆனால் மனைவி செத்த பிறகு அவள் பெயருக்குத் தாசன் ஆனவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். கோமளா தொண்ணூற்றெட்டு மே மாதம் போனாள், ஸ்டவ் வெடித்து. முதல் நாவல் இரண்டாயிரத்து ஒன்றில் வந்தது.

ஜூன் 6, வியாழன்

'சாம்பல் மோகினி.' நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஜமீன் பங்களா, ஊமை வேலைக்காரன், அமாவாசை, எல்லாம் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகின்றன. மோகினி யாரையும் கடிப்பதில்லை, ரத்தம் குடிப்பதில்லை. சமையலறைக்குள் இருந்துகொண்டு கதவைத் தட்டுகிறாள், அவ்வளவுதான். பேய்களிலேயே இவ்வளவு மரியாதையான பேயை நான் பார்த்ததில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறது.

குணவதி குளியலறை வாசலில் நின்று இருபது நிமிஷம் பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசினாள். கட்டுரைக்கு ஆகும்.

ஜூன் 7, வெள்ளி

இன்று நான்கு நாவல். நான்கிலும் சமையலறை.

ஜூன் 8, சனி

வேறு ஏதாவது படிக்கலாமென்று சேலத்துப் பையனின் இரண்டாம் பாகத்தை எடுத்தேன். வாள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. மூடிவிட்டேன்.

கோமளாதாசனில் ஒரு விஷயம் கவனித்தேன். பங்களா மாறுகிறது, ஊர் மாறுகிறது, பேயின் பெயர் மாறுகிறது, கதவு மட்டும் மாறுவதில்லை. பச்சைப் பெயின்ட் அடித்த ஒற்றைக் கதவு. வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அது கொஞ்சம் கோணல், இழுத்தால் வராது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் கீழேயிருந்து மேலே ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒன்பது நாவல் முடித்திருக்கிறேன், ஒன்பதிலும் யாராவது ஒருவன் அப்படித் தட்டித் திறக்கிறான். எப்போதும் காலம் கடந்துதான் திறக்கிறான்.

எழுத்தாளனுக்குக் கற்பனை வறண்டால் ஒரே கதவை வைத்துக் காலத்தை ஓட்டுவான். நானே மாமியார் ஜோக்கை வைத்து இருபது வருஷம் ஓட்டவில்லையா.

ஜூன் 9, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. கண் மட்டும் பழைய கண். என்னைப் பார்த்ததும் இடது கை போர்வைக்கு மேலே வந்தது. நான் கும்பிட்டேன். அவர் கும்பிட முடியாது, ஒரு கைதானே.

சுகந்தி என்னைக் காரிடாருக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இருபதாம் தேதி டிஸ்சார்ஜ் மாமா. நான் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்னு பாக்கறேன். இனியா ரூமுல கட்டில் போட்டுட்டா ஆச்சு. அவ எங்களோட படுத்துப்பா."

"செந்தில் என்ன சொல்றாப்ல?"

"அவர் இழுக்கறாரு. ஒரு ஹோம் பாத்து வச்சிருக்காரு. நல்ல இடந்தான். ஆனா அப்பாவாச்சே. அம்மா இருந்தா விட்டிருப்பாங்களா? நீங்க சொல்லுங்க மாமா. நீங்க கூட்டிட்டு வான்னா கூட்டிட்டு வரேன், வேணாம்னா வேணாம். எங்கம்மாக்கு அண்ணன் நீங்க, உங்க வார்த்தைதான்."

"உன் சமையல சாப்பிட்டா உங்கப்பனுக்குப் பேச்சு தானா வந்துரும்மா. திட்டறதுக்காவது வாயத் தொறப்பாரு."

சிரித்தாள். பதிலை நான் சொல்லவில்லை என்று அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற வசதி இது.

ஜூன் 11, செவ்வாய்

பதினேழாவது நாவல், 'தட்டாதே, திறக்காது.' இதில் ஒரு புதுப் பாத்திரம். இறந்துபோகிற பெண்ணின் அண்ணன். சிரிப்பு நடிகன் மாதிரி எழுதியிருக்கிறார். தொந்தி, வெற்றிலை, எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக். பெண் இரண்டு முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஜோக் சொல்லிச் சிரிக்கவைத்து ஆட்டோ ஏற்றி அனுப்பிவிடுகிறான். மூன்றாவது முறை அவள் வரவில்லை. அவன்தான் அங்கே போகிறான். புகை. பச்சைக் கதவு. வெளியே தாழ்ப்பாள். உள்ளங்கையால் தட்டித் திறக்கிறான்.

மறுநாள் விசாரணைக்கு ஆர்.டி.ஓ. வருகிறார். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம் போட்டிருந்தது?" என்கிறார். அண்ணன் சொல்கிறான்: "உள்ளே, ஐயா."

அந்த அத்தியாயம் அந்த இடத்தில் முடிகிறது. கீழே அரைப் பக்கம் வெள்ளையாக விட்டிருக்கிறார்கள்.

இதைக் கட்டுரையில் சேர்க்க முடியாது. சபாபதி சிரிப்பு கேட்டிருக்கிறார்.

ஜூன் 12, புதன்

மோட்டார் ரிப்பேர். நாள் முழுக்க அதிலேயே போயிற்று. எதுவும் படிக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

குணவதி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "கட்டுரை எந்த மட்டுல இருக்கு?"

"பாதி ஆச்சு. மாப்பிள்ளை கதையெல்லாம் ஒரே கதவா இருக்கு."

"என்ன கதவு?"

"பச்சைக் கதவு."

கத்தி நின்றது. "என்னமோ இப்பதான் பாத்த மாதிரி சொல்றீங்க."

"இப்பதானே படிக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. மறுபடி வெண்டைக்காயை எடுத்தாள். "அந்தப் புள்ள சின்னக் கொழந்தய வச்சிருக்கு. அந்த ஆளக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள வைக்கப்போவுது. உங்ககிட்டதான் கேட்டுச்சாமே. என்ன சொல்லப்போறீங்க?"

"கைகால் விழுந்தவர் என்ன பண்ணிடப்போறாரு?"

"நான் அதக் கேக்கல."

எழுதிவிடுகிறேன். வெட்டத்தானே போகிறோம்.

தொண்ணூற்றெட்டு மே. கோமளா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் வந்து, அங்கே புகை வருகிறது என்றான். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இரண்டு தெரு. நான்தான் முதலில் போனேன். மாப்பிள்ளை வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "ஸ்டவ்வு மச்சான்" என்றார். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தேன்.

மத்தியானத்துக்குள் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். போனவள் போய்விட்டாள், இருக்கிற குழந்தைக்கு அப்பனாவது மிஞ்சட்டும், அவனும் உள்ளே போனால் இது அநாதை ஆகிவிடும் என்றார்கள். கல்யாணமாகி ஆறாவது வருஷம், ஏழு வருஷத்துக்குள் மனைவி செத்தால் ஆர்.டி.ஓ. விசாரிக்க வருவார், ஒரே மாதிரி பேசுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே மாதிரி பேசினோம். குழந்தை எங்களிடம் வந்தது. அப்போது அதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது.

மேலே 'சாத்தியிருந்தது' என்று எழுதியிருக்கிறேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே.

ஜூன் 15, சனி

சபாபதி போன். "சார், திங்கக்கெழம ஃபாரம் முடிஞ்சு அச்சுக்குப் போவுது."

"வாள் பேசுறத வச்சு ரெண்டு பக்கம் ஒப்பேத்திடறேன்."

"பேய் வேணும் சார்."

"பேய் கொஞ்சம் இழுத்துக்கிட்டு இருக்கு."

ஜூன் 16, ஞாயிறு

சுகந்தி தனியாக வந்தாள். இனியாவைக் கூட்டிவரவில்லை. காபி கொடுத்தோம், ஆறவிட்டாள்.

"மாமா, நேத்து அப்பாக்கு வாசிச்சிட்டிருந்தேன். ஒரு எடத்துல தாழ்ப்பாளத் தட்டித் தொறப்பாங்க. அது வர்றப்பல்லாம் அப்பா எடது கை கட்டில் கம்பியத் தட்டுது. கீழேர்ந்து மேல. மூணு புஸ்தகத்துல மூணு தடவ. நான் வேணும்னே திரும்ப வாசிச்சுப் பாத்தேன். திரும்பவும் தட்டுது."

"ஞாபகம் வருதுன்னு அர்த்தம். நல்லதுதானே."

"என்ன ஞாபகம் மாமா?"

குணவதி எழுந்து உள்ளே போனாள். போகிறவள் என்னைப் பார்க்காமல் போனாள்.

"அம்மா செத்தப்ப கதவு எப்படி இருந்துச்சு?"

"சாத்தியிருந்துச்சும்மா."

"உள்ளயா, வெளியயா?"

இருபது வருஷமாக எந்தக் கேள்விக்கும் இரண்டு விநாடியில் ஒரு வரி வந்துவிடும். சாவு வீட்டில்கூட வந்திருக்கிறது. இன்று காபி டம்ளரை எடுத்து, ஏடு படிந்துவிட்டது, சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் செருப்பு வாசலில் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

சுகந்தி இல்லாத நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை பத்து மணி. பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரோ இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு மாப்பிள்ளையின் இடது காதுப் பக்கம் உட்கார்ந்தேன்.

"ஏன் எழுதுனீங்க?" என்றேன்.

பார்த்தார்.

"நான் உங்களக் காட்டிக்குடுக்கலையே. எதுக்கு முப்பத்தெட்டு தடவ?"

இடது கை மெல்ல எழுந்தது. கம்பியைத் தட்டப்போகிறார் என்று நினைத்தேன். தட்டவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி என் மார்பில் வைத்தார். வைத்து எடுக்கவில்லை. வாயின் நல்ல பாதி மேலே போயிற்று. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். பாதி வாய்ச் சிரிப்பை இனம் காண்பது கஷ்டம். இட்லி ஊட்டிய அம்மா சொன்னாள்: "அடையாளம் தெரியுது பாருங்க. எவ்வளவு பாசம்."

மாத நாவல் எழுதுகிறவன் பல்லாயிரம் பேருக்கு எழுதுகிறான் என்பார்கள். அந்த விரல் அப்படிச் சொல்லவில்லை.

ஜூன் 19, புதன்

சொல்லிவிட்டேன்.

சுகந்தி வீட்டுக்கே போனேன். இனியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்து பிரிக்காமல் நின்றிருந்தது. செந்தில் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு எழுந்து போகப் பார்த்தார், இருங்க என்றேன்.

"வெளிய தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. நான்தான் தொறந்தேன். உள்ளன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

சுகந்தி அழவில்லை. கட்டிலின் சக்கரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இத்தன வருஷம் ஏன் மாமா சொல்லல?"

"தெரிஞ்சாத்தானேம்மா சொல்றதுக்கு. அன்னிக்குப் பதட்டம். கதவு காத்துல சாத்திக்கிட்டிருக்கும், எவனாவது அவசரத்துல தாழ்ப்பாளத் தள்ளியிருப்பான்னு நெனச்சேன். சின்ன விஷயம், உங்கப்பனுக்குப் பிரச்சன ஆயிடக்கூடாதுன்னு உள்ளன்னு சொல்லிட்டேன். இப்ப இந்தப் பத்திரிகைக்காரன் கேட்டானேன்னு படிக்கப்போயித்தான் புரிஞ்சுது. வரிவரியா எழுதி வச்சிருக்காரு. நான்தான் ஒண்ணக்கூடத் தொட்டுப் பாக்காம மேடை மேடையா புகழ்ந்துக்கிட்டுத் திரிஞ்சேன். பேய்க்கதைன்னா பயம்னு உனக்கே தெரியுமே."

"தெரியும் மாமா."

"முன்னாலயே படிச்சிருந்தா விட்டிருப்பேனா? உன்ன வருஷா வருஷம் தீபாவளிக்கு அவர்கிட்ட அனுப்பியிருப்பேனா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க மாமா. உங்களையும் சேத்துத்தான் ஏமாத்தியிருக்காரு" என்றாள். செந்தில் உடனே ஹோமுக்குப் போன் செய்தார். கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து குணவதியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "படிச்சதே இல்லன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. சபாபதிக்கு வாள் பேசுவதைப் பற்றியே இரண்டு பக்கம் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்றார்.

ஜூன் 21, வெள்ளி

நேற்று மாப்பிள்ளையை ஹோமுக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்று காலை சுகந்தி பெட்டியை எடுத்துப்போக வந்தாள். தன்னிடமிருந்த ஆறு புத்தகங்களையும் கொண்டுவந்தாள். வக்கீல் ஒருவரைப் பார்த்திருக்கிறாள், இருபத்தாறு வருஷம் ஆனதால் கஷ்டம்தான், ஆனாலும் வருஷ வாரியாக அடுக்கிக் கொண்டுவாருங்கள் என்றாராம். கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, அச்சகமும் வருஷமும் போட்டிருக்கிற இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, தாளில் எண் எழுதிக்கொண்டு வந்தாள். நான் அடுக்கிக்கொடுத்தேன். குணவதி அவளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் புத்தகம். இரண்டாவது. மூன்றாவதில் அவள் கை நின்றது.

நான்காவதை எடுத்தாள், அதே பக்கம். ஐந்தாவது. பிறகு எண் எழுதுவதை விட்டுவிட்டு, புரட்டிப் புரட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனாள். பதினேழாவதை, அந்த 'தட்டாதே, திறக்காது'வை, கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தாள். முப்பத்தெட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடினாள். தோசை வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தகரப் பெட்டி கனம், தூக்கிவிடக் கை கொடுத்தேன், நகர்த்திக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தின் அடியில், வருஷத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. 'பிழை திருத்தம்: தெய்வசிகாமணி.'

முதல் இரண்டு நாவல்களில் என் பெயர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.